பார்க்க வேண்டிய இடங்களில் நாலாவது என் வீட்டுக்காரர்

பசவண்ணர் கோயில் பின்தெரு,
ஹொண்டகேரி.

'ஹொண்டகேரி சேதி' வாரப் பத்திரிகை ஆசிரியர், அச்சுக்கூடத்து மடிவாளப்பா அண்ணா அவர்களுக்கு, பின்தெரு கல்லவ்வா இரு கையும் கூப்பிச் சொல்லும் சரணு சரணார்த்தி.

இங்கே நானும் என் எருமையும் சுகம். அங்கே தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் போன வியாழக்கிழமைப் பத்திரிகையைப் பார்த்ததிலிருந்து தாங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டேன். நான் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம், அது பிழை இல்லை.

'நம்ம ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று, கோட்டை. இரண்டு, பெரிய குளம். மூன்று, கூப்பாட்டுப் பாறை. நாலு, 'அஜ்ஜாவின் சமாதி. நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மகான். கேட்டதைக் கேட்டபடி கொடுப்பவர். இவர் லிங்கத்தில் ஐக்கியமான நாளில் ஊரெங்கும் தண்ணீர் பெருகி ஓடியது.' இப்படிப் போட்டு, பக்கத்தில் படமும் போட்டு, படத்துக்குக் கீழே 'பக்தை ஒருவர்' என்று என்னையும் போட்டிருக்கிறீர்கள்.

அண்ணா, அது என் வீட்டுக்காரர். போன ஆவணிக்கு முந்தின ஆவணியில் போனவர். நூறு வருஷத்தை எங்கே இருந்து கொண்டுவந்தீர்கள்? உங்கள் மகள் கல்யாணத்தில் ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாரே, அவர்தான். கேட்டதைக் கொடுப்பவர் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? நகரசபையில் தண்ணீர் வால்வு திறக்கிறவருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? எட்டு நாளைக்கு ஒருக்கா திறந்துவிடுவார், அதுவும் மேலே இருந்து வந்தால். கேட்ட நாளில் கொடுத்தார் என்று இந்த ஊரில் ஒரு ஆள் சொல்லட்டும். நீங்களே கோயில் முனையில் அவர் சைக்கிளை மறித்து, 'எங்க தெருக் குழாய்ல காத்துதாண்டா வருது, உன் வம்சமே நாக்கு வறண்டு போகும்'னு கத்தினீங்க. அந்த வம்சத்தில் நானும் ஒருத்தி, நாக்கு வறளாமல்தான் இருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

மத்த மூணு இடத்தைப் பத்தி எனக்கு ஒரு வழக்கும் கிடையாது. ஊருக்கு நாலு பேர் வரணும்னா நாலு பொய் வேணும், எனக்கும் புரியும். கோட்டை என்றால் ஒன்றரைச் சுவர், அதில் அரைச் சுவர் உங்கள் சித்தப்பா ஆடு கட்டுவதற்காக எடுத்தது. அதன் மேலே படுத்திருக்கிற பீரங்கி பழைய கரும்பாலையின் குழாய், என் மாமனார் காலத்தில் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டது. பெரிய குளம் என்று நீங்கள் போட்ட படத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, எந்த ஊர்க் குளமோ பாவம். கூப்பாட்டுப் பாறையில் நின்று பேரைச் சொன்னால் ஏழு தடவை திரும்பி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு தடவை போய்க் கத்தினேன். ஒரே ஒரு சத்தம் திரும்பி வந்தது, அது கீழே ஆடு மேய்த்த லக்கப்பா, 'என்னக்கா வேணும், ஏன் இப்படிக் கத்துற?'ன்னு கேட்டது. போகட்டும். அதெல்லாம் கல்லு, மண்ணு, குழாய். இவர் என் மனுஷன்.

இது எப்படி ஆச்சுன்னு நான் சொல்றேன், அப்புறம் நியாயத்தை நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு விடியக்காலையில வால்வைத் திறந்துவிட்டுட்டு வந்தார், நெஞ்சு கனமா இருக்குன்னார், படுத்தார், அவ்வளவுதான். திறந்தவர் போயிட்டார், மூடுறதுக்கு ஆள் இல்லை. அந்த வால்வு எந்தப் பக்கம் திருகினா மூடும்னு அவரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அன்னைக்குப் பூரா ஊருக்குத் தண்ணி வந்தது. மறுநாளும் வந்தது. நான் வாசலில் உட்கார்ந்து அழுகிறேன், தெருவில் குடம் மேல குடம் இடிக்கிற சத்தம். துக்கம் கேட்க வந்தவங்க எல்லாரும் தாமதமாத்தான் வந்தாங்க, ஈரப் புடவையோட வந்தாங்க, 'அய்யோ போயிட்டாரே'ன்னு ஒரு கண்ணு, 'எங்க வீட்டுத் தொட்டி வழிஞ்சிடுமே'ன்னு ஒரு கண்ணு. அதைத்தான் நீங்க 'தண்ணீர் பெருகி ஓடியது'ன்னு எழுதியிருக்கீங்க. நீங்களும் அன்னைக்கு ரெண்டு தொட்டி நிரப்பினீங்க.

நம்ம சாதி வழக்கப்படி உட்கார வச்சு, நம்ம சோளக்கொல்லை முனையில, கூப்பாட்டுப் பாறைக்குத் திரும்புற வளைவில மண்ணுக்குள்ள வச்சோம். மேலே மேடை கட்டி ஒரு கல் நட்டோம். கல்லு கொத்துற மல்லேசி வந்து, "என்ன பேரு எழுதட்டும் சித்தி?"ன்னு கேட்டான். நான் எப்படிச் சொல்லுவேன்? கட்டிக்கிட்ட நாளுக்கு அப்புறம் நான் அவர் பேரை வாயால சொன்னதில்லை. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளை இடிச்சு, 'நீ சொல்லுடி'ம்பேன். பேத்தி பிறக்கிற வரைக்கும் 'இந்தாங்க'ன்னு கூப்பிட்டேன், பேத்திங்க பிறந்ததும் அதுங்களோட சேர்ந்து நானும் 'அஜ்ஜா, சாப்பிட வாங்க'ன்னு கூப்பிட ஆரம்பிச்சேன். அதனால மல்லேசிகிட்டேயும், "எல்லாரும் அஜ்ஜான்னுதான் கூப்பிடுவோம், அதையே எழுது"ன்னேன். "அஜ்ஜான்னு மட்டும் எழுதினா மொட்டையா இருக்கும் சித்தி, முன்னால ஒரு ஸ்ரீ போடுறேன், அதுக்குக் கூலி வேண்டாம்"னான். போட்டான். சும்மா கிடைச்ச அந்த ஒரு எழுத்து எங்க குடியைக் கெடுத்தது. நம்ம பக்கத்துல வீட்டுத் தாத்தாவும் அஜ்ஜாதான், மடத்துப் பெரிய சாமியும் அஜ்ஜாதான். ஒரே வார்த்தை. வெளியூர்க்காரன் வந்து கல்லைப் பார்த்தா எந்த அஜ்ஜான்னு நினைப்பான்?

தினம் மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வர்ற நேரத்துக்கு நான் அங்க போயிடுவேன். ரொட்டியும் கத்தரிக்காய்ப் பல்யாவும் கட்டிக்கிட்டுப் போய், மேடையில சாஞ்சு உட்கார்ந்து, சாப்பிட்டுக்கிட்டே அவரைத் திட்டுவேன். கூரையில ஓடு மாத்தாம போனதுக்கு, எருமைக்கு சினை பிடிக்காததுக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போனதுக்கு. உயிரோட இருந்தப்பவும் அதே நேரத்துலதான் திட்டுவேன், அவர் ரொட்டியைக் கிள்ளிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பார். அப்படி ஒரு நாள் திட்டிக்கிட்டிருக்கும்போது ஹுப்பள்ளி கார் ஒண்ணு வந்து நின்னது. கூப்பாட்டுப் பாறைக்கு வழி கேட்க இறங்கினாங்க. நான் கண்ணீரும் கம்பலையுமா கல்லோட பேசுறதைப் பார்த்தாங்க, கல்லு மேல எழுத்தைப் பார்த்தாங்க, செருப்பைக் கழட்டிட்டாங்க. அந்தம்மா என் காது கிட்ட வந்து, "அம்மா, அஜ்ஜா கேட்டா கொடுப்பாரா?"ன்னாங்க. எனக்கு வந்த எரிச்சலில், "ஓ, கொடுப்பாரே! எட்டு நாளைக்கு ஒரு தடவை"ன்னேன்.

நான் சொன்னது தண்ணியை. அவங்க எடுத்துக்கிட்டது வரத்தை. எட்டு நாள் விரதம் இருந்து, எட்டாம் நாள் வந்து தேங்காய் உடைச்சாங்க, மகனுக்கு எங்கேயோ வேலை கிடைச்சதாம். அடுத்த வாரம் ரெண்டு கார். அதுக்கடுத்த வாரம் ஒரு டெம்போ நிறைய ஆள். பஸ் ஸ்டாண்டு டீக்கடை எங்க கொல்லை வரப்புக்கு வந்தது. மிளகாய் பஜ்ஜிக்காரன் பின்னாலேயே வந்தான். உள்ளூர்க்காரன் ஒருத்தனாவது வாயைத் திறந்து, 'ஐயா இது நம்ம தண்ணிக்காரர்'னு சொல்லணுமே? சொல்லலை, அவனவன் வியாபாரம் அவனவனுக்கு. அண்ணா, இதைக் கேளுங்க, அவருக்கு நேர்த்தி என்ன தெரியுமா? குடம் குடமாத் தண்ணி ஊத்துறது! வாழ்ந்த காலம் பூரா தண்ணி விடலைன்னு ஏசின ஜனம், இப்ப எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற அந்தத் தண்ணியைக் கொண்டுவந்து அவர் தலையில ஊத்துது. அவருக்கு ஒரே சளி பிடிக்கிற உடம்பு.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். போன மாசம் ரொட்டியைக் கட்டிக்கிட்டுப் போறேன், சட்டையில ஊர்க் கமிட்டி அட்டை குத்தின ஒரு பையன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "வரிசையில வாங்கம்மா"ங்கிறான்.

"டேய், அது என் புருஷன்டா."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க. காலையில ஒருத்தர் என் அப்பான்னு அழுதார். அஜ்ஜா எல்லாருக்கும் சொந்தம். செருப்பை அங்க விடுங்க, சாப்பாட்டு மூட்டை உள்ள போகக் கூடாது."

"நான் அவரோட முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவ!"

"பாக்கியசாலிம்மா நீங்க," அப்படின்னு அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கும்பிட்டுட்டு, திரும்ப வரிசைக்கே அனுப்பிட்டான். நின்னேன் அண்ணா. என் சோளக்கொல்லையில, என் புருஷனைப் பார்க்க, தாவணகெரெக்காரிக்கும் பாகல்கோட்டைக்காரிக்கும் நடுவுல நின்னேன். என் முறை வந்தப்ப, "சீக்கிரம் சீக்கிரம், பின்னால ஆள் நிக்குது"ன்னாங்க. கூரை ஓட்டுக் கதையை ஆரம்பிக்கக்கூட நேரம் இல்லை.

அன்னைக்கு சாயங்காலமே கோயில் மண்டபத்துல ஊர் வளர்ச்சிக் கமிட்டி கூடினது உங்களுக்குத் தெரியும், நீங்களும் முன் வரிசையில உட்கார்ந்து மண்டக்கிப் பொரி மென்னுக்கிட்டிருந்தீங்க. கமிட்டித் தலைவர் ருத்ரகௌடர் எழுந்து, தகரக் கூரை போடப்போறோம், இரும்பு கேட்டு போடப்போறோம், மேடை இருக்கிற முனை ரோட்டு ஓரத்து இடம், கமிட்டிக்குச் சொந்தம், காலையிலும் சாயங்காலமும் தரிசனம், மத்தியானம் கேட்டைப் பூட்டிடுவோம், அந்த நேரத்துல அஜ்ஜா ஓய்வெடுப்பார்னு சொன்னார். ஓய்வாம்! உயிரோட இருந்தப்ப பண்டிகை நாள்ல கூட, 'ஏ தண்ணிக்காரா'ன்னு கதவைத் தட்டினவங்க இப்ப ஓய்வு கொடுக்கிறாங்க, அதுவும் என் நேரத்துல!

நான் எழுந்திருச்சுட்டேன். "கௌடரே, அவர் மகான் இல்ல. என் வீட்டுக்காரர். உங்க வீட்டு மாடிக்குத் தண்ணி ஏறலைன்னு அவர் சைக்கிள்ல காத்தைப் பிடுங்கிவிட்டது நீங்கதான்"னேன்.

கௌடர் சிரிச்சார். "கல்லவ்வா, துக்கத்துல பேசுற. சரி, உன் புருஷன்னே வச்சுப்போம். பேரைச் சொல்லு. கல்லுல அஜ்ஜான்னுதானே இருக்கு? உன் புருஷன் பேர் என்ன, சபையில சொல்லு பார்ப்போம்!"

அவருக்குத் தெரியும் நான் சொல்லமாட்டேன்னு. மண்டபமே கொல்லுனு சிரிச்சது. பக்கத்துல இருந்தவளை இடிச்சேன், அவ வேற பக்கம் பார்த்தா, அவ மகன்தான் அந்த பஜ்ஜிக்காரன். எனக்குக் கோபம் உள்ளங்கால்லேர்ந்து ஏறினது. கல்யாணத்துல புதுப்பொண்ணு ஒடபு சொல்லுவாளே, நாலு வரி பாட்டுக் கட்டி, கடைசி வரியில புருஷன் பேரை ஒளிச்சு வச்சு, அது மாதிரி அந்த நிமிஷம் எனக்கு வந்தது. முக்காட்டை இழுத்துச் செருகிக்கிட்டு நின்ன இடத்துலேயே சொன்னேன்:

"எட்டு நாளுக்கு ஒருக்கா ஊருக்கெல்லாம் தண்ணி விட்டார்,
ஏழு நாளும் ஊர் வாயில் ஏச்சு மட்டும் வாங்கிக்கிட்டார்,
வரமும் தரமாட்டார், வாய் திறந்து பேசமாட்டார்,
வடிகட்டின மனுஷர், என் வீட்டுக்காரர் குத்லெப்பா!"

கௌடர் பொண்டாட்டி சிவகங்கவ்வா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, "யவ்வா! பொட்டழிச்சவ ஒடபு சொல்றாளே, அடுக்குமா?"ன்னா. "எனக்குக் கல்யாணத்துல சொல்லும்போது வெக்கமா இருந்தது, முணுமுணுத்துட்டேன், யார் காதுலேயும் விழலை. இப்பத்தான் சத்தமாச் சொன்னேன். உனக்கு வேணும்னா இன்னொரு தடவை சொல்றேன்"னேன். சொன்னேன். ரெண்டாவது தடவை இன்னும் நல்லா வந்தது.

இதோட தீர்ந்ததுன்னு நினைச்சீங்களா? மறுநாள் வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாரும் என் ஒடபைப் பாடிக்கிட்டு நிக்கிறாங்க! அதுவும் திருத்திப் பாடுறாங்க. 'வரமும் தரமாட்டார்' இல்லையாம், 'வரம் தர மறக்கமாட்டார்'. 'என் வீட்டுக்காரர்' இல்லையாம், 'எங்கள் அஜ்ஜா'. கடைசியில பேர் வர்ற இடத்துல மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு கண்ணுல ஒத்திக்கிறாங்க. ஏண்டி பேரை விட்டுட்டீங்கன்னு கேட்டா, "பெரியவங்க பேரை வாயால சொல்லக் கூடாதும்மா, பாவம்"ங்கிறாங்க. முப்பத்தெட்டு வருஷம் நான் அடக்கி வச்சிருந்த பேரை ஒரு தடவை வெளிய விட்டேன், மறுநாளே ஊர் திரும்ப அடக்கி வச்சிடுச்சு.

அதனாலதான் அண்ணா உங்களுக்கு எழுதறேன். வாயால சொன்னா விட்டுடுறாங்க, அச்சுல போட்டா விடமுடியாது. வர்ற வியாழக்கிழமைப் பத்திரிகையில, முதல் பக்கத்துல, கண்ணு தெரியாதவங்களுக்கும் தெரியற மாதிரி தடிச்ச எழுத்துல போடுங்க: 'நாலாவது இடம் தவறாக அச்சாகிவிட்டது. அங்கே இருப்பது மகான் அல்ல, நகரசபை தண்ணீர்க்காரர் குத்லெப்பா, பின்தெரு கல்லவ்வாவின் புருஷன். அவர் யாருக்கும் எதுவும் கொடுக்கமாட்டார். யாரும் அங்கே போக வேண்டாம்.' பட்டியலில் மூன்று இடம்தான் என்று போடுங்கள். மூன்று போதாது என்றால் நாலாவதாக உங்கள் அச்சுக்கூடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த யந்திரம் ஓடி நானும் பார்த்ததில்லை, அதிசயம்தான்.

கேட்டுக்கு நட்ட இரண்டு இரும்புத் தூணையும் நான் ஏற்கெனவே பிடுங்கி எருமைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். எருமை ரொம்ப உதவி செய்தது. ருத்ரகௌடருக்குத் தூண் வேண்டுமென்றால் நேரில் வந்து, எருமைகிட்டே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் திருத்தம் போடவில்லையென்றால் நான் ஹுப்பள்ளி பத்திரிகைகளுக்கு எழுதுவேன். பீரங்கியில் ஆரம்பிப்பேன். உங்கள் சித்தப்பா ஆட்டுக்கும் ஒரு பத்தி வரும்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள், அவர்கள் வீட்டுக் குழாயில் காற்று வராமல் தண்ணீர் வரட்டும். பசவண்ணர் உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல மையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
குத்லெப்பாவின் மனைவி
கல்லவ்வா

பின்குறிப்பு: இதை நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். போடுவதற்கு முன்னால் மேடைக்குப் போயிருந்தேன். கயிற்றுப் பையன் சாப்பிடப் போயிருந்தான், இப்போதெல்லாம் அந்த நேரத்தில்தான் எனக்கு அங்கே உட்கார இடம் கிடைக்கிறது. ராணிபென்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொம்பளை, என்னைவிடச் சின்னவள், வரிசை நிற்கிற இடத்திலே தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையில் தேங்காயும் இல்லை, குடமும் இல்லை. "என்ன வேணும்மா, இவர் ஒண்ணும் கொடுக்கமாட்டார்"னேன். "ஒண்ணும் கேக்க வரலைக்கா. நேத்து நீங்க இங்க உக்காந்து உங்க வீட்டுக்காரரைத் திட்டினதைப் பார்த்தேன். எங்க ஆளு போய் நாலு மாசம் ஆச்சு. எங்கள்ல எரிச்சு ஆத்துல விட்டுடுவாங்க. எனக்குப் போய் உக்காந்து திட்டுறதுக்கு ஒரு இடம் இல்லக்கா. வீட்டுல திட்டினா மாமியார் அழுறா"ன்னா. அப்புறம் கொஞ்சம் தயங்கிட்டு, "உங்க வீட்டுக்காரர் மேல கொஞ்ச நேரம் என் புருஷனைத் திட்டிக்கட்டுமா?"ன்னு கேட்டா.

உட்காரச் சொன்னேன். அண்ணா, அவ திட்டினா பாருங்க! நம்ம ஊர்ல அந்த மாதிரி வார்த்தைங்க கிடையாது. சாயங்காலம் வரைக்கும் திட்டினா. கடைசியில மூக்கைச் சிந்திட்டு, என் ரொட்டியில பாதியைச் சாப்பிட்டா. ஒரு பதிலும் வரலை, ஒரு கோபமும் வரலை, ஒரு ஊரு ஏச்சையே வாங்கின மனுஷருக்கு இது எந்த மூலைக்கு? போகும்போது அவ, "நல்லாக் கேக்குறார்க்கா"ன்னா. அடுத்த திங்கள் வர்றாளாம், அக்கம்பக்கத்துல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களாம்.

அதனால மேலே எழுதினதையெல்லாம் விட்டுடுங்க. நாலாவது இடத்தை எடுக்க வேண்டாம். எழுத்தை மட்டும் இப்படி மாத்திப் போடுங்க: 'நாலு. குத்லெப்பா. தண்ணீர்க்காரர். வரம் கிடையாது. வந்து திட்டிக்கொள்ளலாம்.' இரும்பு கேட்டு வேண்டாம், நாள் பூரா திறந்தே இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மட்டும் யாரையும் வரச் சொல்லாதீங்க. அது என்னோடது.